பொட்டு வைத்த ஹோஸும் என் கல்யாணமும்

மாமனாருக்குப் புரியாத வேலையில் இருப்பவன் கல்யாணத்துக்கு ஆசைப்படக் கூடாது. இது நான் எங்கேயோ படித்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் அதுவரை வேலை என்றால் பெயரைக் கேட்டதுமே ஆள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான் என்பதுவரை தெரிந்துவிடும். வாத்தியார், கண்டக்டர், ரயில்வே கலாசி. அப்புறம் தொண்ணூறுகளில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். எது எது உள்ளே வந்ததோ தெரியாது, வாயில் நுழையாத வேலைப் பெயர்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தன. பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூர் போய் 'ப்ராசஸ் அசிஸ்டென்ட்' ஆனான். அவன் அங்கே என்ன செய்கிறான் என்று அவன் அம்மாவைக் கேட்டால், "இன்னாவோ பண்றான், ஏசில உக்காந்துகினு பண்றான்" என்றாள். எனக்கு வாய்த்த பெயர் 'ஹைட்ராலிக் சர்வீஸ் இன்ஜினியர் (டிரெய்னி)'. அடைப்புக்குறிக்குள் இருந்த டிரெய்னியை நானும் என் நைனாவும் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஊர் சாந்திபுரத்துக்குப் பக்கம். இந்தாண்ட நடந்தால் தமிழ்நாடு, அந்தாண்ட நடந்தால் கர்நாடகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். நைனா கருங்கல் குவாரியில் சம்மட்டி தூக்கியவர். பிறகு ஒரு துண்டு நிலம் வாங்கித் தக்காளி போட்டார் என்றாலும், பாறை எதைப் பார்த்தாலும் பழைய பங்காளியைப் பார்ப்பதுபோல முறைப்பார். அவர் மகனாகிய நான் திருப்பதியில் டிப்ளமோ முடித்து, ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து பாறை துளைக்கும் இயந்திரங்களை வரவழைத்து, பூட்டி, குவாரிக்காரர்களுக்கு விற்கிற கம்பெனி. "எம் பையன் ஒரு லீவர தட்டினா மலை ரெண்டா போவும்" என்று நைனா டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வசனத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அந்த இயந்திரத்தின் உயிர் அதன் ஹைட்ராலிக் சுத்தியல். பார்க்க ஒரு தடித்த இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு பிஸ்டன். அழுத்தமான எண்ணெய் அதை முன்னால் தள்ள, அது போய்த் துளையிடும் கம்பியின் தலையில் ஓங்கி அடிக்கும். அடித்ததும் உள்ளிருக்கும் வால்வு எண்ணெயைத் திசை திருப்பிவிட, பிஸ்டன் பின்னால் வரும். மறுபடி அடிக்கும். கண்ணை இமைப்பதற்குள் எத்தனையோ அடி. இதற்கெல்லாம் எண்ணெய் உள்ளே வர ஒரு ஹோஸ், வேலை முடித்த எண்ணெய் திரும்பிப் போக ஒரு ஹோஸ். எது வருகிற வழி, எது போகிற வழி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போகிற வழியில் அழுத்த எண்ணெயை விட்டால் எண்ணெய் கசியாமல் அடைக்கிற அந்தப் பக்கத்து ரப்பர் சீல் தாங்காது, பிய்த்துக்கொள்ளும். பெங்களூரில் நடந்த டிரெய்னிங்கில் முதல் நாளே இதைச் சொன்னார்கள். நான் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டேன் (அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு).

இந்த நிலையில்தான் நகரியில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனார்கள். பெண்ணின் அப்பா மாணிக்கம் மாமா சொந்தமாக விசைத்தறி போட்டவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்ததால் 'காபி சாப்பிடுங்க' என்பதையே தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். என் வேலை என்ன என்று கேட்டார். நான் காபி டம்ளரைப் பிஸ்டனாக்கி, தட்டிலிருந்த லட்டைப் பாறையாக்கி விளக்கினேன். டம்ளர் முன்னால் போனது, பின்னால் வந்தது. லட்டு உதிர்ந்தது.

"இது நம்ம தறியில ஓடற நாடா மாதிரி இருக்குது" என்றார் மாமா. "நாடா இந்தாண்ட அந்தாண்ட ஓடினா துணி வருது. உன்னுது ஓடினா இன்னா வரும்?"

"ஓட்டை வரும் மாமா."

அவர் தன் மனைவி கன்னியம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்ட போடற வேலையாம்" என்றார், அதுவும் தெருவுக்கே கேட்டது.

என் கதை அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கதவோரம் நின்றிருந்த பெண், ஜமுனா, தலையைத் தூக்காமல் ஒன்று கேட்டாள். "எண்ண முன்னால தள்ளுது, சரி. அப்பால பின்னால யாரு இழுக்கறது?"

டிரெய்னிங்கில் எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றாத கேள்வி அது. என் ஜென்மத்தில் என் பேச்சை இவ்வளவு தூரம் கவனித்துக் கேட்ட முதல் ஆள் இவள்தான். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெளிநாடு எதற்காவது போய்த் தொலைய வேண்டும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன். பதிலைச் சொன்னேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

மாமா எழுந்திருக்கும்போது தீர்ப்பு சொன்னார். "பையன் நல்லாதான் கீறான். ஆனா இன்னா வேலன்னே தெரியாம எப்டி பொண்ணு குடுக்கறது? ஒருநாள் இவன் வேல செய்யறத நேர்ல பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்."

எனக்கு அப்போது சுக்கிரதிசை என்று நினைத்தேன். அடுத்த வாரமே சாந்திபுரத்துப் பக்கம் ஒரு குவாரியில் எங்கள் புது இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. ஓட்டிக் காட்டப் போவது நான். வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுங்கள் என்று மாமா வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வாரமே காட்டச் சொல்லி யார் கேட்டது?

குவாரி முதலாளி பலராமய்யா. அதுவரை கல் உடைத்தவர், கதவு திறந்ததும் 'எக்ஸ்போர்ட்ஸ்' ஆகிவிட்டார். ஜீப்பில், கேட்டில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் அந்த வார்த்தையை எழுதி வைத்திருந்தார். அவர் வெட்டிய கற்கள் வெளிநாட்டுக் கல்லறைகளில் பெயர்ப் பலகையாக நிற்கப் போயின. எங்கள் பக்கத்திலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் முதலில் வெளிநாடு போனது பாறைதான். மனுஷர்கள் பின்னால்தான் போனார்கள்.

முதல் நாளே இயந்திரம் லாரியில் வந்து இறங்கியது. சுத்தியலைத் தனியாக மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் நீண்ட கையிலிருந்து இரண்டு கறுப்பு ஹோஸ்கள் தொங்கின. ஒரே பருமன், ஒரே நீளம். உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் சீட்டைத் தொங்கவிட்டு, ரப்பர் மேலேயே வெள்ளை எழுத்தும் போட்டிருந்தார்கள். எந்த மடையனும் தப்புச் செய்ய முடியாதபடி யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் என் மாதிரி ஒருவன் அவர்கள் கணக்கில் இல்லை.

நாளைக்கு மாமனார் வரப்போகிறார், இயந்திரம் பளபளவென்று இருக்க வேண்டாமா? சீட்டுகள் கடையில் புடவைக்கு விலை மாட்டியதுபோல அசிங்கமாகத் தெரிந்ததால் கத்தரித்துப் போட்டேன். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் ஹோஸ்களைத் தேய் தேய் என்று தேய்த்தேன். புழுதியோடு வெள்ளை எழுத்தும் போனது. கறுகறுவென்று, எண்ணெய் தடவிய ஜடை மாதிரி இரண்டும் மின்னின. தள்ளி நின்று பார்த்து நானே ரசித்துக்கொண்டேன்.

காலையில்தான் உறைத்தது. இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, ஹோஸ்களை அவை கிளம்பும் அடியிலிருந்து தடவிப் பிடித்து, எது எது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. மறுபடி குழம்பாமல் இருக்க அடையாளம் வேண்டும். பெயின்ட் இல்லை, சாக்பீஸ் எண்ணெயில் ஒட்டவில்லை. பக்கத்தில் பலராமய்யாவின் ஆட்கள் பூஜைத் தட்டு வைத்திருந்தார்கள். எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். எண்ணெய் உள்ளே வரும் ஹோஸுக்குக் குங்குமம், வெளியே போகும் ஹோஸுக்கு மஞ்சள். ஆளுக்கொரு தீற்றல். சிவப்பு உள்ளே, மஞ்சள் வெளியே. இதைக் கம்பெனியிலேயே வழக்கமாக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்குள் நைனா ஓடி வந்தார். புதுச் சட்டை, அதில் இன்னும் அட்டை மடிப்பு இருந்தது. "டேய் முனி, வந்துட்டாங்கடா. ரோட்டாண்ட பஸ்ஸுல இருந்து எறங்கிக்கினு கீறாங்க."

நான் கழுத்து டையைச் சரி செய்துகொண்டு ஓடினேன். (ஆமாம், டை. கருங்கல் குவாரியில், சித்திரை வெயிலில், டை கட்டி, மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தேன். அன்றைய போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. என் மகள் அதைத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள்.)

மாணிக்கம் மாமா தன் தறியிலேயே நெய்த வெள்ளை வேட்டியும் துண்டும் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரரைவிட எடுப்பாக இறங்கினார். அத்தையும் ஜமுனாவும் பூஜை நடக்கிற இடத்துக்குப் போனார்கள். நான் மாமாவைத் தனியாகப் பிடித்து, குவாரியைச் சுற்றிக் காட்டி, இயந்திர நாகரிகம் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினேன். கடைசியில் அவருக்கென்று ஒரு நாற்காலியைத் தூக்கி, சுத்தியலுக்கு நேர் எதிரே போட்டேன். "இங்க இருந்து பாத்தா நல்லா தெரியும் மாமா" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்குகளில் இதுபோலப் பலித்தது வேறு இல்லை.

பூஜை சாதாரணமாக நடக்கவில்லை. கம்பெனி மேனேஜர் ராவ் சார் ரேணிகுண்டாவிலிருந்து வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பலராமய்யா கோயிலிலிருந்து நாதஸ்வரம், தவில் என்று ஜோடியாக வரவழைத்திருந்தார். சுத்தியலை வாழையிலையில் கிடத்தி, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். பிறகு நாலு பேர் தூக்கி இயந்திரத்தின் கையில் பூட்டினார்கள்.

"இன்ஜினியர் காரு" என்றார் பலராமய்யா தெலுங்கு மரியாதையில், "ஹோஸ் மாட்டறது மட்டும் முகூர்த்தத்துல ஆவணும். பத்தரைக்கு ராகு காலம். நீங்க நட்டு முறுக்கும்போது கெட்டிமேளம். சரேனா?"

"சரிங்க" என்று ஸ்பேனரோடு போனேன். போய்ப் பார்த்தேன்.

இரண்டு ஹோஸிலும் மஞ்சள். இரண்டிலும் மஞ்சளுக்கு நடுவே, குறை சொல்ல முடியாத வட்டத்தில், குங்குமப் பொட்டு.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மஞ்சளைத் தனியாகவோ குங்குமத்தைத் தனியாகவோ விடுவார்களா? அம்மிக்கல்லானாலும் லாரியானாலும் மஞ்சள் பூசினால் பொட்டு வைத்தே ஆக வேண்டும். எந்தப் புண்ணியவதியோ வந்து பார்த்திருக்கிறாள். ஒன்றுக்கு மஞ்சள் இல்லை, ஒன்றுக்குப் பொட்டு இல்லை, அபசகுனமாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் மங்களகரமாக நிறைவு செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லி, மூடியைக் கழற்றி, மறுபடி அடியிலிருந்து பிடித்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் ராகு காலம் வந்துவிடும். ராகுவையாவது சமாளிக்கலாம். எதிரே காலைப் பரப்பி உட்கார்ந்திருந்த மாமாவிடம் 'எது எதுன்னு எனக்கே தெரியல' என்று சொன்னால் ஜமுனா கிடைக்க மாட்டாள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எதில் குங்குமம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். வைத்தவள் நியாயவாதி, இரண்டுக்கும் சமமாக வைத்திருந்தாள். முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் மண்ணெண்ணெயும் ஊதுவத்தியும் மணத்தன. நான் ஹோஸ் முன்னால் இப்படித் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துப் பலராமய்யாவும் கண்ணை மூடிக் கை கூப்பினார். "பக்தி உன்ன இன்ஜினியர்" என்று ராவ் சாரிடம் தெலுங்கில், பக்தியுள்ளவன் என்று, மெச்சிக்கொண்டார்.

"முனிரத்தினம், வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்றார் ராவ் சார்.

முடிவெடுத்தேன். பெங்களூர் டிரெய்னிங், திருப்பதி டிப்ளமோ, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் கடைப்பிடித்த விஞ்ஞான முறை இதுதான்: மருமகள் வலது காலை வைத்துத்தானே வீட்டுக்குள் வருகிறாள்? ஆகவே வலப்பக்கம் தொங்கிய ஹோஸை உள்ளே வரும் வழியில் மாட்டினேன்.

கெட்டிமேளம் முழங்கியது. நட்டை முறுக்கினேன். யாரோ என் மேலும் அட்சதை போட்டார்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, லீவரை மெதுவாக நகர்த்தினேன். சுத்தியல் அடிக்கவில்லை. வயிறு சரியில்லாத எருமை மாதிரி ஒரு முனகல் மட்டும் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஒரு சின்ன அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் கூட்டத்திலிருந்து என் நைனாவின் குரல் வந்தது.

"நல்லா புடிச்சி அமுக்குடா. மலை ரெண்டா போவட்டும்."

அமுக்கினேன். மலை அப்படியே இருந்தது. சுத்தியலின் பின்பக்க சீல்தான் 'படக்' என்று பிய்த்துக்கொண்டது. எண்ணெய் எழும்பி, மேலிருந்த இரும்புத் தகட்டில் மோதி, குடை மாதிரி விரிந்து, என் நாற்காலி ஏற்பாட்டின்படி நேராக மாணிக்கம் மாமாவின் தலையில் இறங்கியது. நல்லவேளை, இன்ஜின் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்ததால் எண்ணெய் சூடேறவில்லை. தலை, மீசை, சொந்தத் தறியில் நெய்த துண்டு, வேட்டி என்று வரிசையாக நனைந்தது. மாமா அசையவே இல்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பாகம் என்று நினைத்தாராம். பிற்பாடு சொன்னார்.

நான் இன்ஜினை நிறுத்தினேன். நாதஸ்வரம் நின்றுவிட்டது. தவில்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக வாசித்தார்.

"திஷ்டி போயிந்தி" என்றார் பலராமய்யா முதலில் தேறி. "பெரிய திஷ்டி. மஞ்சிதே, நல்லதுதான்."

ராவ் சார் அப்படி நினைக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நைனா தன் புதுச் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மேல் வர வேண்டிய கோபம், பொட்டு வைத்தவள் மேல் வந்தது.

"இந்த ஹோஸ்ல யாரு பொட்டு வச்சது?" என்று கத்தினேன்.

பெண்கள் பக்கம் பார்த்தேன். கன்னியம்மா அத்தை தன் வலது கையை முந்தானைக்குள் அவசரமாகச் சுருட்டிக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். விரல் முழுக்க மஞ்சளும் குங்குமமும்.

வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். இந்த அம்மாள் என் மாமியார் ஆக வேண்டியவர். இவர் பெயரை நாலு பேர் முன்னால் சொன்னால் ஜமுனாவை மறந்துவிட வேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் இவர் ஆயுசுக்கும் எனக்குக் கடமைப்பட்டவர். (தியாகம் என்று யாரும் கண் கலங்க வேண்டாம், சுத்தமான கணக்கு.)

"யாரா இருந்தாலும் அவங்க மேல தப்பில்ல" என்றேன் குரலைத் தழைத்து. "நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

மாமா எழுந்தார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஜென்மத்திலேயே முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "கன்னிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சி பாரு."

ஆனால் அந்தப் பாதையில் மத்தியானம்தான் அடுத்த பஸ். எண்ணெய் வேட்டியோடு அவரை எங்கே உட்கார வைப்பது? மாற்றிக்கொள்ள அங்கே இருந்தது சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த, கம்பெனியின் நீல நிற ஓவரால் ஒன்றுதான். முதுகில் கொட்டை எழுத்தில் 'சர்வீஸ்' என்று போட்டது. நகரியில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் மாணிக்கம் மாமா அதைப் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவன் அவரிடம் போய், "அண்ணே, கிளட்ச் ஜாம் ஆவுது, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்டான். அதைக் கேட்டு நான் பூமிக்குள் போய்விடலாம் என்று நினைத்தேன்.

பெட்டியில் மாற்று சீல் இருந்தது. மூடியைக் கழற்றி, ஹோஸ்களை அடியிலிருந்து பிடித்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதையெல்லாம் இப்போது செய்தேன். பக்கத்தில் நிழல் ஒன்று விழுந்தது. ஜமுனா நின்றிருந்தாள்.

"எதுல எண்ண உள்ள வருது?" என்று கேட்டாள்.

காட்டினேன். அவள் கைப்பையின் வாயைக் கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து, அந்த ஹோஸைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். தறி வீட்டுப் பெண்கள் போடுகிற முடிச்சு, நகத்தால்கூட அவிழ்க்க முடியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாடைதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன்.

இரண்டாவது தடவை சுத்தியல் அடித்தது. பாறையே தடதடக்கிற மாதிரி அடித்தது. கம்பி கருங்கல்லுக்குள் வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. பார்க்கத்தான் ஆளில்லை. நான் லீவரைத் தொட்டதுமே மொத்தக் கூட்டமும் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, தவில் உட்பட. மாமா ஓவராலோடு, அத்தையையும் ஜமுனாவையும் கூட்டிக்கொண்டு, நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டிருந்தார்.

பலராமய்யா இயந்திரத்தை வாங்கிக்கொண்டார். பலி வாங்கிய இயந்திரம் இனிமேல் யாரையும் ஒன்றும் செய்யாது என்பது அவர் நம்பிக்கை. ராவ் சாரும் வேறு வழியில்லாமல் என் அடைப்புக்குறியை எடுத்துவிட்டார். நகரியிலிருந்து மட்டும் பேச்சே இல்லை. நான் தாடி விட ஆரம்பித்தேன். நைனா டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் தகவல் வந்தது, சம்மதம் என்று. மாமா முடியவே முடியாது என்றாராம். அத்தைதான் விடவில்லையாம். "நாலு பேரு எதுருல, தப்பு எம்மேலன்னு எந்த ஆம்பள சொல்றான்? நீ சொல்லியிருக்கிறியா ஒருநாளு?" என்று கேட்டாராம். மாமா இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கல்யாணத்துக்கு ஜெனரேட்டரை மண்டபத்துக்குள் வைக்கக் கூடாது. எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தைப் பார்த்தால் தெரியும். கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் புரோகிதர் முதுகுக்குப் பின்னால் போய், துண்டால் தலையை மூடிக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம் என் வாழ்க்கை ராஜபோகம். மாமியார் வீட்டில் முதல் வடை எனக்கு, கறிக்குழம்பில் நல்ல எலும்பு எனக்கு. மாமியார் செய்ந்நன்றி மறக்காதவர் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பெரிய மனுஷன் இல்லையா.

போன வருஷம் திருப்பதியில் எங்கள் மகள் புதிதாகக் குடிபோன வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. மாட்டிக்கொடுக்க ஆள் நாளைக்குத்தான் வருவானாம். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஸ்பேனரைக் கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும், வயசான காலத்திலும் மாணிக்கம் மாமா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். ஜமுனா மெஷினுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். தண்ணீர் வரும் ஹோஸ், தண்ணீர் போகும் ஹோஸ் இரண்டுக்கும் வைத்தாள்.

எனக்குள் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த பெரிய மனுஷன் வெளியே வந்துவிட்டான்.

"அத்த" என்றேன் மாமியாரிடம், "அன்னைக்கு குவாரில நான் மட்டும் உங்க பேர சொல்லியிருந்தா?"

"எம் பேர ஏன் சொல்லணும்?"

"பொட்டு வச்சது நீங்கதான? கையெல்லாம் மஞ்சளா இருந்தத நான் பாத்துட்டேன். பாத்துட்டும் சொல்லல."

அத்தை ஜமுனாவைப் பார்த்தார். ஜமுனா மெஷினைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"நானா வச்சேன்? தோ, இவதான் வச்சா" என்றார் அத்தை. "நீ கத்தினதும் பொண்ணு வெலவெலத்துப் போயிட்டா. அவ கைய என் கையால தொடச்சி உட்டேன். அதுக்குள்ள நீ முழிச்சி பாக்கற, நான் முந்தானையில மறைச்சிக்கினேன்."

நான் ஜமுனாவிடம் திரும்பினேன். "நீயா?"

"ஒண்ணுக்குப் பொட்டில்லாம இருந்திச்சி. மனசு கேக்கல" என்றாள் அவள், என்னவோ நேற்று நடந்ததுபோல. "அதுக்குதான் அப்பவே நூலு கட்டினேனே."

"அப்போ எனக்கு மொத வடை?"

"எலும்பும் தோலுமா இருந்தியே மாப்ள, அதான்" என்றார் அத்தை.

என் பெருந்தன்மை முழுவதும் அந்த வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒழுகிப் போய்விட்டது. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜமுனா மகளின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து வந்து, தண்ணீர் உள்ளே வரும் ஹோஸில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். ஹாலிலிருந்து மாமாவின் குரல் தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"கட்டிட்டியாம்மா? கட்டினப்பால அவன தொட சொல்லு."